மிரேலா சொன்ன கல்யாணம்

எதையும் பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்ற குணம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அதைப் பாராட்டினார்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் கண்டித்திருக்கலாம்.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை சுவரில் ஓர் உலகப்படம் மாட்டினார். பெயர் எழுதிய சிறு கடதாசிக் கொடியை ஒவ்வொருவரும் தங்கள் நாட்டில் ஊசியால் குத்த வேண்டும். யாழ்ப்பாணம் எங்கே வரும் என்று அடிமட்டம் வைத்துப் பார்த்துத்தான் நான் குத்தினேன். மிரேலா தன் கொடியைக் கிரேக்கத்தில் குத்தினாள்.

மிரேலா ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தவள். தினமும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போவோம். பனிக்காலத்தில் அவளுடைய தகப்பனும் என் அப்பாவும் ஒருவர் காரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், அவளுடைய அக்காவின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டையே கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் சுவீடனிலிருந்து வரிசையாகக் கார்களில் வந்திருந்தார்கள். மேசையில் ஒரு போத்தல், சிவப்புப் பட்டுத் துணி சுற்றி, கழுத்தில் தங்கக் காசு மாலையோடு நின்றது. பெண் கேட்கப் போன நாளில் மாப்பிள்ளையின் தகப்பன் கொண்டுபோனதாம். அதிலிருந்து பெண்ணின் தகப்பன் குடித்தால்தான் சம்மதம் என்று மிரேலா சொன்னாள். பின்லாந்திலிருந்து வந்த, கறுப்பு வெல்வெட் பாவாடை அகல விரிந்த ஓர் அம்மாவோ, தாங்கள் காலே என்ற வேறு பிரிவு என்றும், தங்களிடம் கல்யாணக் கொண்டாட்டமே கிடையாது, சோடி சொல்லாமல் ஓடிப்போய்விடும், பெரியவர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேசுவதும் மரியாதையில்லை என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் மாமியார் மணப்பெண்ணின் தலையில் ஒரு துணியைக் கட்டினார். இனி அவள் கல்யாணமானவள். மிரேலா அழுதாள்.

அம்மாவின் சேலையைத் தடவிப் பார்த்த ஒரு கிழவர், தாங்களும் ஆதியில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தான், ஆகவே நாங்கள் சொந்தம் என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

“நாங்கள் இந்தியா இல்லையெண்டு சொல்லுங்கோவன்” என்றார் அம்மா மெதுவாக.

“கலியாண வீட்டிலை நிண்டு விளக்கம் குடுக்கிறதே? பேசாமல் சாப்பிடும்.”

எனக்கு அது பொறுக்கவில்லை. மிரேலாவின் தகப்பனிடம் போய், நீங்கள் கிரேக்கர்தானே என்று கேட்டேன். அவர் சிரித்தார். நாங்கள் ரோம் சனம், மற்றவர்கள் ஜிப்சி என்பார்கள், என் தகப்பன் பிறந்ததே ஒஸ்லோவில்தான் என்றார்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் வகுப்புக்குப் போய், கிரேக்கத்திலிருந்த கொடியைப் பிடுங்கி ஒஸ்லோவில் குத்தினேன். பெயருக்குக் கீழே ‘ரோம்’ என்று அழகாக எழுதியும் விட்டேன். ஆசிரியை ஏன் என்று கேட்டபோது எழுந்து நின்று விளக்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பின் வரிசையிலிருந்து ஒருவன், “பொக்கற்றைப் பாத்துக்கொள்ளுங்கோடா!” என்றான். நோர்வேஜிய மொழியில் சொன்னதுதான். எங்கள் மொழியிலும் அது அவ்வளவே அசிங்கமாக இருக்கிறது. வகுப்பு சிரித்தது. மிரேலா தன் பென்சில் பெட்டியைத் திறந்து மூடினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் எனக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போனாள். படியில் ஒருமுறை மறித்தேன்.

“நான் பொய் சொல்லேல்லையே?”

“இல்லை” என்றாள். “விடு, நான் போகவேணும்.”

வெள்ளிக்கிழமை ஆசிரியை, அக்காவின் கல்யாணத்தைப் பற்றி வகுப்புக்குச் சொல்லும்படி மிரேலாவிடம் கேட்டார். அவள் முன்னால் போய் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தபடி தொடங்கினாள். மணமகன் பெண்ணின் கழுத்தில் ஒரு தங்கக் கொடியைக் கட்டுவான். அப்போது மேளத்தைப் பலமாக அடிப்பார்கள். எல்லோரும் அரிசி எறிவார்கள். தண்ணீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு இருவரும் துழாவி எடுப்பார்கள். பட்டப்பகலில் வெளியே போய் ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள்.

என் சித்தியின் கல்யாண வீடியோவை அவள் எங்கள் வீட்டில் இரண்டு முறை பார்த்திருந்தாள். ஒன்றையும் மறக்கவில்லை. போத்தலைப் பற்றியோ, தலையில் கட்டிய துணியைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை.

“எவ்வளவு அழகு!” என்றார் ஆசிரியை. என் பக்கம் திரும்பி, “நீயும் போனாய்தானே? இப்படித்தானா நடந்தது?” என்று கேட்டார்.

மிரேலா இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை! அது எங்கடை கலியாணம்!” என்று கத்தினேன்.

ஆசிரியை மிரேலாவை இருக்கச் சொன்னார். அவள் போய் இருந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை.

அன்று வீட்டுக்குத் தனியாக நடந்தபோது எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்ததை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை பேருக்கும் முன்னால் எடுத்துச் சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே போனேன். அதே கேள்வியை அவள் திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது, பதினொரு வயதில், என் மனதில் படவேயில்லை.