தரைக்கு வராத ஒழுகல்

எங்க வீட்டுக்காரர் போன பிறகு எனக்குன்னு மிஞ்சினது அந்தக் கார் ஒண்ணுதான். அவர் இந்தத் தீவுல ஓட்டின டாக்ஸியை நானே எடுத்து ஓட்ட ஆரம்பிச்சேன். ஏர்போர்ட், ஜெட்டி, மெயின்லேண்டுல இருந்து வர்ற டூரிஸ்டுன்னு பொழப்பு ஓடுச்சு. என் கொழுந்தனுக்கு அது பொறுக்கல. "பொம்பளைக்கு எதுக்கு மதினி வண்டி? வித்துப்போட்டு ஊருக்குப் போய் உங்க அண்ணன் வீட்ல இருங்க"ன்னு தினம் ஒரே பாட்டு. வண்டி நின்னா நான் கப்பல் ஏற வேண்டியதுதான், வேற வழி கிடையாது. ஆனா காலையில வண்டியைத் துடைச்சு, ரேடியேட்டருக்குத் தண்ணி பார்க்கிறதை மட்டும் அவனே இழுத்துப் போட்டுச் செஞ்சான். அண்ணன் வண்டிங்கிற பாசம்னு நினைச்சேன், மடச்சி.

அப்புறம் ரேடியேட்டர்ல இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணி குறைய ஆரம்பிச்சது. காலையில நிரப்பினா சாயங்காலம் பாதி இல்ல. வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஈரம் கிடையாது. டெலானிபூர் மேட்டுல ஏறினா சூட்டு ஊசி சிவப்புக்குப் போயிரும், பின்னால உக்காந்திருக்கிறவங்களைப் பார்த்து நான் சும்மா சிரிச்சு வைப்பேன். பெங்காலி மெக்கானிக் பார்த்துட்டு, "தீதி, ஹெட் கேஸ்கட் கயா"ன்னு கையை விரிச்சான். இன்ஜினுக்குள்ள கேஸ்கட் போயிருச்சாம், இன்ஜினைப் பிரிக்கணுமாம், சாமான் கப்பல்ல வரணுமாம். பக்கத்துல நின்ன கொழுந்தன், "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு பல்லைக் காட்டினான். அங்கேயே ஒரு அறை விட்டிருக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம நானே இறங்கிட்டேன். எல்லா ஹோசையும் துணியால துடைச்சு, இன்ஜினை ஓட விட்டு, கைக்கண்ணாடியும் டார்ச்சுமா ஒவ்வொரு இணைப்பா பார்த்தேன். இன்ஜினுக்குப் பின்னால, சைலன்சர் குழாய்க்கு மேல ஒரு இரும்பு பைப். அதுல ஊசித்துளை. ஒழுகுற தண்ணி சூட்டுக் குழாய்ல விழுந்து சுர்ருனு ஆவியாப் போயிருது, அப்புறம் எங்க தரைக்கு வர்றது? துளையைச் சுத்தி வெள்ளையா என்னமோ பூத்திருந்தது. கூலன்ட் கறை பச்சையால்ல இருக்கணும்னு ஒரு யோசனை வந்துச்சு, அதுக்கு மேல புத்தி ஓடல.

இன்ஜின் ஆறினதும் அரிச்ச இடத்தை அறுத்து எடுத்துட்டு, நடுவுல கெட்டியான ரப்பர் ஹோஸைச் சொருகி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டேன். மழைத்தண்ணியை ரேடியேட்டர் வாய் வரைக்கும் ஊத்தி மூடினேன். பைப்பைப் பிடிக்கிற போல்ட் ஒண்ணுதான் பாக்கி. ஸ்பேனரோட அடியில போய்ப் படுத்தேன்.

அப்ப பானட்டைத் தூக்குற சத்தம். கொழுந்தன் செருப்பு தெரிஞ்சது. நான் அடியில கிடக்கிறது அவனுக்குத் தெரியாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கேன்ல இருந்து ஊத்தினான். ஏற்கெனவே நிரம்பியிருந்ததால அது பொங்கி வழிஞ்சு என் மூஞ்சியில, வாயில கொட்டுச்சு. அடப்பாவி, உப்பு! நாக்கு சுருண்டு போச்சு. வீட்டுக்குப் பின்னால கடல் ஏறி நிக்கிற பள்ளத்துல மோந்த தண்ணி. தினம் அதைத்தான் ஊத்தி என் இன்ஜினை அரிக்க விட்டிருக்கான், பைப்புல பூத்திருந்த வெள்ளையும் இந்த உப்புதான்.

உருண்டு வெளியே வந்தேன். "நல்ல தண்ணியை எதுக்கு மதினி வீணாக்கணும்னு..."ன்னு இழுத்தான். என் முகத்தைப் பார்த்ததும் வேஷம் கலைஞ்சுது. "ஆமா, வண்டி செத்தாத்தான் நீங்க இந்தத் தீவை விட்டுப் போவீங்க!"

கையில இருந்த ஸ்பேனராலேயே போட்டேன் ஒரு போடு. கேனைப் பிடிச்சிருந்த மணிக்கட்டுல எலும்பு முறியிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அலறிக்கிட்டு உக்காந்தான். ஆத்திரம் அடங்கல, அந்தக் கேனாலேயே முதுகுல நாலு சாத்து சாத்தினேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மதினி"ன்னு அழுதான்.

"உக்காருல அங்க"ன்னேன். உப்புத்தண்ணி மொத்தத்தையும் வடிச்சு, நல்ல தண்ணியில அலசி, மறுபடி வடிச்சு, கூலன்ட் ஊத்தி முடிக்கிற வரைக்கும் அவன் கையை மடியில வச்சுக்கிட்டுத் துடிச்சான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரல.

அப்புறம் அதே வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். மேட்டுல ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பின்னால கத்தினான், நான் ஊசியைப் பார்த்தேன். பாதியைத் தாண்டவே இல்ல. சத்தியமா சொல்றேன், சந்தோஷம் தாங்கல.

எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டார். கொழுந்தன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உப்புத்தண்ணி ஊத்தினது வெளிய வந்து போலீசு கீலீசுன்னு ஆயிரும்னு பயமோ என்னமோ. "கார் பானட் கையில விழுந்துருச்சு சார். ஓட்டை வண்டி, ஒண்ணும் சரியில்ல."

"பானட் நல்லாத்தான் இருக்கு டாக்டர்"னேன். "அடிச்சது நான். அப்படியே எழுதிக்கங்க."