அசனத்துக்கு ஒரு மூங்கில் பஞ்சாரம்

போன வருஷம் ஆடிக்காற்று எங்கள் கோயில் அசனப் பந்தலைத் தூக்கிக்கொண்டுபோய் சாம்பார் அண்டாவுக்குள் போட்டது. அசனம் என்றால் சர்ச் பண்டிகையின் கடைசி நாளில் சபையே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அன்றைக்குப் பாதிப் பேர் வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் என் தம்பி எழுந்து, வருகிற வருஷம் மூங்கிலில் டோம் கட்டித் தருகிறேன், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவன் ஆரம்பிக்கிற ஆள். முடிக்கிற ஆள் இல்லை. கோவில்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்தான். பிறகு ஆட்டுப்பண்ணை. ஒவ்வொன்றும் பாதியில் நின்றபோது மீதியை இழுத்து மூடியது அக்கா நான்தான். தீப்பெட்டி ஆபீசில் பகல் முழுக்க நின்றுவிட்டு, லீவு நாளில் சந்தையில் நின்று அவன் ஆடுகளை விற்றிருக்கிறேன். அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கயத்தாற்றில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு காரியத்தையாவது முழுசாக முடித்துக் காட்டட்டும், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அசனத்துக்கு வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

செங்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் மூங்கில் வந்தது. நீளக் கம்பு, குட்டைக் கம்பு என்று இரண்டே அளவு. நீளத்தின் நுனியில் சிவப்பு பெயிண்ட், குட்டைக்கு நீலம். வேலையிலிருந்து வந்து அந்தப் பெயிண்டையும் நான்தான் அடித்தேன், வேறு யார் அடிப்பார்கள்? கட்ட வந்தவர் வருஷா வருஷம் எங்கள் கோயிலுக்குப் பந்தல் போடுகிற அண்ணாச்சி. தம்பி வரைந்ததைப் பார்த்துவிட்டு, கோழியை மூடுகிற பஞ்சாரம்தானே, கட்டிருவோம் என்றார். அன்றிலிருந்து ஊருக்கே அது பஞ்சாரம் ஆகிவிட்டது.

தம்பி ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். கம்புகள் முக்கோணம் முக்கோணமாக மேலே ஏறும். உச்சியில் கடைசிக் கம்பு சேரும்வரை ஒரு முடிச்சையும் இறுக்கக் கூடாது. அண்ணாச்சியும் ஆட்களும் தலையை ஆட்டினார்கள். ஆனால் கரிசல் காட்டில் பந்தல் போட்டே பழகிய கைகள் அவை. லூசான முடிச்சு என்றால் இங்கே காற்று சும்மா விடாது. தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. போகிற போக்கில் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு மிதி மிதித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள்.

அசனத்துக்கு முதல் நாள் காலையில் உச்சியில் கடைசிக் கம்பை வைத்தார்கள். சேரவில்லை. ஒரு முழம் இடித்தது. வெட்டிச் சொருகிவிடலாம் என்றார் அண்ணாச்சி. வெட்டினால் ஒரு பக்கமாகச் சாயும் என்றான் தம்பி. இறுக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அவரிடம் கேட்டான். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"லூசா விட்டுட்டு வீட்டுல போய் எப்படித் தம்பி படுக்க?" என்றார்.

தம்பி சாமியானாவே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கருவேல மரத்தடியில் போய் உட்கார்ந்து, சங்கரன்கோவிலில் யாரோ நண்பனுக்குப் போன் போட்டு வேலை கேட்க ஆரம்பித்தான். எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது. இனி இந்த மூங்கிலை யார் விற்பது என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதுதான் என்னைச் சுட்டது. எழுந்து அவனிடம் போனேன்.

"ஏலே, போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா இந்த முடிச்சை எல்லாம் அவுத்து வச்சுட்டுப் போ. என்னால முடியல."

அவன் என்னைப் பார்த்தான். போனைப் பையில் போட்டுவிட்டு வந்து அடிவரிசையில் உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்த்தான். அண்ணாச்சி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் பிரிக்கவில்லை, தளர்த்தினார்கள். தேங்காய்நார்க் கயிறு எல்லார் விரலையும் அறுத்தது. சாயங்காலம் ஏணியில் ஏறித் தட்டியபோது மூங்கில் எல்லாம் கிறீச்சிட்டு நகர்ந்து இடம் விட, கடைசிக் கம்பு உள்ளே போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அண்ணாச்சி ஆசை தீர இறுக்கினார்.

மறுநாள் காற்று அடித்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் படபடத்தது, டோம் அசையவில்லை. எல்லாரும் அதற்குள் உட்கார்ந்து சாம்பாரோடு சாப்பிட்டார்கள். தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். அவன் பெண்டாட்டியும் பந்தியில் இருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா வந்துருக்கு மைனி. நீங்க சொல்லாட்டி அவிய முடிச்சிருப்பாவளா?"

யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், முடித்திருப்பான் என்று சொல்லத்தான் நினைத்தேன். இருந்த அசதியில் பொய்கூட வாயில் வரவில்லை.

"இல்லட்டி," என்றேன்.

இதோ பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க மைனி. இனிமே நான் சொல்லிக்கிடுதேன்."

போய்ப் படுத்தேன். டோமை எப்போது பிரித்தார்கள், மூங்கிலை எங்கே அடுக்கினார்கள் என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது.