அம்மாவின் பெரிய ஃபிளாப்பி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொடத் தகுதியுள்ளவர் சித்தப்பா ஒருவர்தான் என்று நானாக முடிவு செய்திருந்தேன். திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த அவர், ஹப்சிகுடாவில் எங்களோடு தங்கியிருந்தார். அம்மாவின் பொறுப்பு அதன்மேல் தூசி துடைப்பது.

ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பா அம்மாவிடம், “மைனி, எங்க ஆபீஸ்ல கோபால் தெரிஞ்ச ஆளத் தேடுதாங்க. நீங்க வாங்களேன்” என்றார். கோபால் யாரோ ஒரு மாமா என்று நினைத்தேன். அது ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியாம்.

“கல்யாணத்துக்கு முந்தி எழுதுனது. எல்லாம் மறந்துபோச்சு. அங்க போய் நின்னு முழிக்கவா?” என்றாள் அம்மா. ஆனால் அன்று சாயங்காலமே பீரோவின் அடியிலிருந்து தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு ஃபிளாப்பியை எடுத்து வந்தாள். மெட்ராஸில் வேலை பார்த்தபோது எழுதிய புரோகிராம். “இத ஒரு தடவ பாத்தா ஞாபகம் வந்தாலும் வரும்.”

“இஸ்மே கேம் ஹை க்யா?” என்று பள்ளிக்கூட ஹிந்தியில் கேட்டேன். விளையாட்டு இருந்தாலும் இருக்கலாம் என்றார் சித்தப்பா. மறுநாள் வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன்.

அவ்வளவு பெரிய ஃபிளாப்பியை ஓட்டும் டிரைவைச் சித்தப்பா கோட்டி பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தார். “நக்கோ சாப்” என்று கடைக்காரர் தடுத்தாராம், புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று. ஓடவும் இல்லை. டிரைவ் சுற்றியது, திரையில் பிழைச்செய்தி மட்டும் வந்தது.

சித்தப்பா விடவில்லை. டிரைவைக் கட்டுப்படுத்தும் கார்டைக் கழற்றி, ஆபீஸ் குப்பையிலிருந்து இன்னும் பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த சிப்புக்குப் பழைய முறைப் பதிவைப் படிக்கத் தெரியுமாம். ஆனால் கார்டு செய்தவர்கள் சிப்பின் கால்களில் அதற்கான ஒன்றை மட்டும் இணைக்காமல் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் காலில் தலைமுடி போன்ற ஒரு கம்பியைப் பற்றவைத்தார்.

இப்போது திரையில் ஏதோ வந்தது. எல்லாம் கிறுக்கல்.

“ஒரு டிராக்ல எத்தனை செக்டார்னு தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது மைனி” என்று சித்தப்பா சலித்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “இருபத்தாறு. ஒவ்வொண்ணும் நூத்தி இருபத்தெட்டு பைட்டு.” கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். அதைச் சொன்னது தானா என்பதுபோல் அவளே திகைத்திருந்தாள்.

சித்தப்பா எண்களை மாற்றினார். டிரைவ் கடகடத்தது. திரையில் வரிவரியாக ஆங்கில எழுத்துகள் இறங்கின. விளையாட்டு இல்லை, ஒரு படம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, “யாரு எழுதுனது இத? தப்பால்லா இருக்கு!” என்றாள். சித்தப்பா சிரிக்கவும், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் பழைய தவற்றைத் திருத்த ஆரம்பித்தாள். கருகல் வாசனை வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. அப்பாதான் போய் அடுப்பை அணைத்தார்.

அடுத்த மாதம் அம்மாவும் சித்தப்பாவோடு வேலைக்குப் புறப்பட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், வகுப்பில் என் மானம் போகப்போகிறது என்பதும், சாம்பார் தீய்ந்துபோனது என்பதும்தான். அதை அப்பா ஏன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி, அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார் என்று எனக்குப் புரியவேயில்லை.