வடகரைக்காரரின் பாட்டில்

அவருடைய சைக்கிளுக்கு டைனமோ விளக்கு இருந்தது, என்னுடையதற்கு இல்லை. இதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். என் பொறாமைக்குப் பெரிய காரணம் ஏதோ இருந்ததாகக் காட்டிக்கொள்ள இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் சுகாதார ஆய்வாளர். காவிரியின் தென்கரை என் பொறுப்பு. வடகரையில், ஸ்ரீரங்கத்துக்குத் தனி அலுவலகம், அங்கே அவர். ஆறு ஒன்றுதான், ஆனால் காகிதத்தில் அதைப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தார்கள். மணலும் மதகும் பொதுப்பணித்துறைக்கு. ஊரில் காய்ச்சல் பரவினால் ஜில்லா சுகாதார அதிகாரிக்கு. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும், ஆளுக்கு ஒரு கரை.

இரண்டு ஊருக்கும் ஆற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் குடிநீர் போனது. கிணற்றில் தினமும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார்கள். மாதம் ஒரு முறை நாங்கள் அந்தத் தண்ணீரை, சென்னைச் சோதனைக்கூடம் அனுப்பும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிருமி இருக்கிறதா என்று பார்த்து, பத்துப் பன்னிரண்டு நாளில் தபாலில் முடிவு அனுப்புவார்கள். வேலை இவ்வளவுதான். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை.

அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. நான் பள்ளி இறுதி முடித்துவிட்டு ஆய்வாளர் பயிற்சிக்குப் போனவன். மாதக் கூட்டத்தில் அதிகாரி எதைக் கேட்டாலும் முதலில் அவர் பக்கம்தான் திரும்புவார். காபி கொண்டுவருகிறவர்கூட முதல் டம்ளரை அவர் முன்னால்தான் வைப்பார். நெற்றியில் பளிச்சென்று ஸ்ரீசூர்ணம், மடிப்புக் கலையாத வேட்டி, முத்து முத்தான கையெழுத்து. அவர் எழுதிய அறிக்கையை அதிகாரி என்னிடம் நீட்டி, "இப்படி எழுதக் கத்துக்குங்க" என்று ஒரு தடவை சொன்னார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. என் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி சென்னையிலிருந்து ஒரு தடவைகூடக் கெட்ட முடிவு வந்ததில்லை. அவருடைய கிணற்றுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது "குடிக்க ஏற்றதல்ல" என்று வந்துவிடும். உடனே வடகரையில் பிளீச்சிங் அளவைக் கூட்டுவார்கள். கூட்டத்தில் அதைப் படிக்கும்போது நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஸ்தாரமாகச் சொல்லுவேன்.

அந்தச் சமயத்தில்தான் புத்தூரில் இரண்டு அறை எடுத்து, இரு கரைக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கூடம் வைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பொறுப்பாளர் பதவி எங்கள் இருவரில் ஒருவருக்கு. இடமோ என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. கிடைக்கும் என்று நானே முடிவு செய்து, மனைவியிடம் சொல்லி, அவள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனி கிடைக்காமல் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது.

அதிகாரி ஒரு யோசனை செய்தார். இனி அவரவர் கிணற்றை அவரவர் சோதிக்க வேண்டாம். என் கிணற்றில் அவர் பிடிக்கட்டும், அவர் கிணற்றில் நான் பிடிக்கட்டும். எனக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று. பாலத்தைக் கடந்து போய், அவர் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, பாசி இருக்கிறதா, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் பிடித்து அனுப்பினேன். முடிவு வந்தது: சுத்தமான தண்ணீர். குறை கண்டுபிடிக்கப் போன நானே அவர் கிணற்றுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதே தபாலில் என் கிணற்றைப் பற்றி அவர் அனுப்பியதற்கும் முடிவு இருந்தது. குடிக்க ஏற்றதல்ல.

அதிகாரியின் அறைக்குப் போய்க் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இத்தனை வருஷமா வராத கிருமி அவர் கை பட்டதும் எப்படி சார் வரும்? வேலை தனக்கு வேணும்னு வேணும்னே பண்ணியிருக்காரு" என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. ஒரே நேரத்துல, ஒரே குழாயில ஆளுக்கு ஒரு பாட்டில் புடிச்சு அனுப்புங்க. முடிவு வர்ற வரைக்கும் பிளீச்சிங்கைக் கூட்ட வேணாம்" என்றார்.

சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் சுருங்கி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் டைனமோ சைக்கிளில் என் கிணற்றடிக்கு வந்துவிட்டார். பம்ப் குழாயின் வாயைக் கிருமி போகப் பஞ்சு கொளுத்திச் சுட்டார், கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டார், பாட்டிலின் மேல் காகிதத்தைப் பிரித்து நேராகப் பிடித்து மூடினார். அடுத்து நான். என் வழக்கப்படி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் குலுக்கிக் கொட்டினேன். மூன்று தடவை. எங்கள் பக்கத்தில் எந்தப் பாத்திரத்தையும் அதே தண்ணீரில் அலசாமல் யாரும் மொள்ள மாட்டார்கள். குடமானாலும் சரி, தீர்த்தச் சொம்பானாலும் சரி.

"அலம்பறேளா?" என்றார் அவர்.

"பின்ன? அடியில வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு வருது பாருங்க. சென்னையில சரியாக் கழுவுறதே இல்ல. நான் எப்பவும் அலசிட்டுத்தான் புடிப்பேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பம்ப் ஓட்டுகிறவர் தள்ளி நின்றிருந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "அது அழுக்கில்லை. மருந்து. பிளீச்சிங்கை முறிக்கறதுக்குன்னு அவாளே போட்டு அனுப்பறா. அதை அலம்பிட்டா, ரயில்ல போற வழியெல்லாம் பாட்டிலுக்குள்ள பிளீச்சிங் கிருமியைக் கொன்னுண்டே போகும். இங்க ஊர் குடிக்கற ஜலம் ஒண்ணு, அங்க போய்ச் சேர்ற ஜலம் வேறன்னு ஆயிடும்" என்றார். தன் பையிலிருந்து பிரிக்காத இன்னொரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதுல பிடிச்சுடுங்கோ."

இத்தனை வருஷமும் நான் அனுப்பிய ஒவ்வொரு பாட்டிலும் கண்முன் வந்து நின்றது. என் கிணறு சுத்தமாக இருந்ததில்லை. என் பாட்டில்தான் சுத்தமாக இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, இவனுக்கு இதுவும் தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான்.

"எல்லாம் எனக்கும் தெரியுங்க" என்றேன். அலசிய பாட்டிலிலேயே நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். அவர் நீட்டிய பாட்டிலை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் கூட்டம். அதிகாரி இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே குழாய், ஒரே வேளை. என்னுடையது சுத்தம், அவருடையது குடிக்க ஏற்றதல்ல. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். வழக்கம்போல அவர் பக்கம்தான் திரும்பினார். இரண்டு வார்த்தையில் அவர் என்னை முடித்துவிடலாம். பம்ப் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டால் நான் அலசியதை அவரும் சொல்லுவார்.

அவர் எழுந்து நின்றார். "என் பாட்டில்ல கை பட்டிருக்கலாம், சார். அது என் தப்பாவே இருக்கட்டும். ஆனா ஆத்துல ஜலம் குறைஞ்ச காலம். தென்கரைக் கிணத்துக்கு இன்னிக்கே பிளீச்சிங்கை ரெண்டு மடங்காக் கூட்டச் சொல்லி உத்தரவு போட்டுடுங்கோ. வாடை கொஞ்சம் அடிக்கும், அவ்வளவுதான்."

அதிகாரிக்கு ஏமாற்றம். முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வடகரை ஆய்வாளர் தண்ணீர் பிடிப்பதில் கவனக்குறைவாக இருக்கிறார் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அடுத்த மாதம் புத்தூர் சோதனைக்கூடத்துக்கு நான் பொறுப்பாளரானேன். என் மனைவி தெருவுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தாள்.

கூடம் திறந்து ஒரு வாரத்தில் அவர் தன் கரைப் பாட்டில்களைக் கொண்டுவந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றபடி ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். அதே முத்து முத்தான கையெழுத்து. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் நிற்கவில்லை.

"அன்னிக்கு நீங்க ஏங்க சொல்லல?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா நீங்க வாதாடியிருப்பேள். அதிகாரி மறுபடி ரெண்டு பேரையும் ஜலம் பிடிச்சு அனுப்பச் சொல்லியிருப்பார். இன்னொரு பன்னிரண்டு நாள். அது வரைக்கும் ஜனங்க அந்த ஜலத்தைத்தானே குடிச்சாகணும்?" பேனாவை மூடிப் பையில் செருகினார். "உங்க குழந்தேளும் குடிக்கற ஜலம்னா அது."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வாதாடியிருப்பேன் என்பதில் சந்தேகமே இல்லை. புத்தூருக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் வருகிறது. என் இரண்டு பிள்ளைகளும் தினமும் அதைத்தான் குடித்தார்கள். பாட்டிலை அலசி மூடியபோதும் சரி, கூட்டத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்தபோதும் சரி, அவர்கள் நினைவு எனக்கு வரவில்லை. அவருக்கு வந்திருக்கிறது.