டிப்ளமா இல்லாத கை

எங்கள் தொழிலில் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் உறுமலைக் கேட்டுவிடலாம். திருவொற்றியூரில் நான் இருபது வருஷமாக நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிராணி கிளினிக்கில், ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே எந்த நாய், எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுவேன். படித்து வந்த வித்தையல்ல, கடிபட்டு வந்தது. பத்தாவது ஃபெயில். கை பழகியும் கையில் காகிதம் இல்லாத சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

சுவரில் ஒட்டியது

இனி ஊசியை டாக்டர் போட வேண்டும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் டிப்ளமா படித்த உதவியாளர் போட வேண்டும் என்று டாக்டரம்மா சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். அதுவரை ஊசி போட்டுவந்தது நான். சட்டம் ரொம்ப நாளாக அப்படித்தானாம். இப்போதுதான் சோதனைக்கு வருகிறார்களாம். "நீங்க பிடிச்சுக்கிட்டா போதும்ணே" என்றார்.

காசிமேட்டில் மீன் விற்கும் தனம் அக்கா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு தன் நாய் மணியின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, என் நாயா சர்டிபிகேட்டு கேட்டுச்சு?"

டிப்ளமா வந்தது

பெரம்பூரிலிருந்து கல்பனா வேலைக்கு வந்தாள். முதல் பூனை மேசையிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து ஜன்னல் கம்பிக்கும் போனது. நான் துண்டால் முக்காடு போட்டேன், அடங்கிவிட்டது. கல்பனா எடை பார்த்து, மருந்து அளவைக் கணக்குப் போட்டு, நோகாமல் குத்தினாள். நான் இத்தனை வருஷமும் அளவைக் கண்ணாலேயே போட்டவன். அன்றைக்கு முதல் டீயை அவளுக்குக் கொடுத்தேன்.

அவளோ துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த முக்காடு எங்க சிலபஸ்ல இல்ல" என்றாள்.

நற்சான்று

ஒரு சாயங்காலம் அதிகாரி வந்தார். "நீங்க யாரு?" "பிடிக்கிறவன் சார்." என் வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடிய நேரம், மணியை இழுத்துக்கொண்டு தனம் அக்கா நுழைந்தார். எனக்கு வேலை போகப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காப்பாற்றத்தான் வந்தார்.

"சார், எங்க தெரு நாய்ங்க மொத்தத்துக்கும் ஊசி போட்டது இவுருதான் சார்! டாக்டரு கீறாரா இல்லியான்னுகூட நாங்க கேட்டதில்ல!"

அதிகாரி பேனாவைத் திறந்து அக்காவின் பெயரைக் கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று சொன்னார்: "தனலட்சுமி. நல்லா பெருசா எழுதிக்க சார்."

கிளினிக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் வேலை போகவில்லை, ஊசி ஒரேயடியாகப் போய்விட்டது. விரோதத்தில் சாட்சி சொன்னவரை மறுத்துப் பேசலாம், அன்பில் சொன்னவரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, மணி நனைத்துவிட்டுப் போன தரையில் ஃபினாயில் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.