உன் தாத்தா நடந்து வந்த பாடம்

இல்லை நண்பர்களே, நான் எழுதும் சிறுவர்களுக்கான சரித்திரப் புத்தகம் இன்னும் முடியவில்லை.

இன்று ஹட்டன் பஸ்ஸில் என் மாணவியின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க எழுதிக் குடுத்த கதைய எம்மவ தோட்டத்து லயமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. 'எங்க தாத்தா திருச்சியிலருந்து நடந்தே வந்தாரு'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க. அவரு இங்க இலங்கையிலதான் பொறந்தாருன்னு பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுத்திருக்கோம். நாளைக்கி விசாரணைக்கி கவர்மெண்டு ஐயா வர்றாரு. இவ வாய யாரு கட்டுறது?"

"அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவா சரித்திரப் புத்தகத்துல எழுதினதுங்க அக்கா."

"அது பிள்ளைக்கித் தெரியுமா?"

தெரியாது. ஒன்றிப் படிக்கட்டும் என்று 'உன் தாத்தா' என எழுதியது நான்தான்.

சரித்திரத்தைச் சுவையாக எழுதச் சொன்ன நண்பர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். 'உன் தாத்தா' என்பதை அடித்துவிட்டு, 'யாரோ ஒருவர்' என்று எழுதினேன்.