கந்தசட்டிப் பாரையும் வரியில்லாக் கருவாடும்

நாரந்தனை இராயப்புவின் வலது தோள் 1974ஆம் ஆண்டு அவர் சொல்வழி கேட்பதை நிறுத்திக்கொண்டது. காற்று விழுந்த நாட்களில் வள்ளத்தைத் தண்டு வலித்துத்தான் கரை சேர்க்க வேண்டும். தண்டைத் தூக்கினால் தோளில் உயிர் போகும். எஞ்சின் ஒன்று பூட்டினால் வள்ளம் அவருக்கு மிஞ்சும். இல்லாவிட்டால் அதை விற்றுவிட்டு மைத்துனன் யாக்கோப்புவின் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும். யாக்கோப்பு கரையில் ஒன்று ஏசினால் கடலில் பத்து ஏசுகிறவன்.

நான் ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோருக்கு முன்னால் இருந்து சனங்களுக்குப் பெற்றிசம், அதாவது மனு, எழுதிக் கொடுக்கிறவன். இராயப்பு என்னிடம் வந்தது எஞ்சின் வரிக்காக. அந்த நாளில் வெளியிலிருந்து வரும் சாமானுக்கு ஒன்றில் தடை, அல்லது வரி. எஞ்சினுக்கு அதன் விலையளவு வரி. உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்றத்தான் வரி என்று பத்திரிகையில் போட்டார்கள். உள்ளூரில் எஞ்சின் செய்கிறவர் யார் என்று மட்டும் போடவில்லை. ஆனால் உண்மையான மீனவருக்கு வரிவிலக்கு உண்டு. ஒருவர் உண்மையான மீனவர் என்று கடல் சொன்னால் போதாது, ஆளுங்கட்சி அமைப்பாளர் கடிதத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதி அமைப்பாளர் வேலணைக் குலசிங்கம். பெற்றிசத்தை எழுதி இராயப்புவின் கையில் கொடுத்தபோது நான் ஒரு புத்தி சொன்னேன்.

"வெறுங்கையோட போகாதையும். கந்தசட்டி நடக்குது, அது விரத வீடு. அதுக்கேத்த மாதிரி ஏதும் கொண்டு போம்."

"ஓம் அண்ணை, விளங்குது" என்றார் இராயப்பு.

அவருக்கு விளங்கியது வேறு. அவர் கத்தோலிக்க வேதக்காரர். வேதக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமையும் தவசு காலத்திலும் இறைச்சியை விட்டுவிட்டு மீன் சமைப்பார்கள். விரதச் சாப்பாடு என்றால் அவருக்கு மீன்தான். விடியவே கடலுக்குப் போய், பிடித்ததில் பெரிய பாரையாக ஒன்றைத் தெரிந்து, கழுவித் துடைத்து, பனையோலைப் பையில் வைத்துக் குலசிங்கத்தின் வாசலில் கொண்டுபோய் நீட்டினார்.

"நாங்கள் விரதமெல்லோ" என்றாராம் குலசிங்கம், இரண்டடி பின்னால் போய்.

"அதுக்குத்தானே ஐயா மீன் கொண்டந்தனான்."

குலசிங்கத்தின் மனைவி சறோஜினிதேவி இராயப்பு படலையைத் தாண்டும் முன்பே முற்றத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிவிட்டார். கடிதம் கிடைக்கவில்லை. அது கதலிக்குலையோடு வந்த வேலணைச் சைக்கிள்கடைக்காரருக்குப் போனது. அவர் நயினாதீவுக்கு லோஞ்சுப் படகில் போகும்போதே சத்தி எடுக்கிற மனுசன். உண்மையான மீனவருக்கு வந்த எஞ்சின் சைக்கிள் கடையில் சாக்குப் போர்த்துக்கொண்டு கிடந்தது.

நான் சொன்ன புத்தியால் வந்த வினை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மீனவன் மீன் கொண்டு போனதற்கும் எஞ்சின் வரிக்கும் என்ன தொடர்பு என்று இராயப்பு கேட்டபோது நான் பேனைக்கு மை ஊற்றத் தொடங்கினேன்.

நாலு வருடம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டு வலித்தார். இதற்கிடையில் ஆட்சி மாறியது. குலசிங்கம் வீட்டு வாசலில் கொடியும் மாறியது. கொடிக்குக் கீழே கதிரையில் இருந்தது குலசிங்கம்தான். புதிய ஆட்சி கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எஞ்சினுக்கு வரி இல்லை, கடிதம் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் கடையிலேயே வாங்கலாம். இராயப்பு சிரித்துக்கொண்டு வந்து எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கொட்டிலில் இருக்கிற கருவாட்டை விற்றதும் எஞ்சின் எடுப்பதாகத் திட்டம்.

ஊர்காவற்றுறை வியாபாரி கருவாட்டை மணந்துகூடப் பார்க்கவில்லை.

"பாதி விலைக்கெண்டா இறக்கும். கப்பல்ல மூட்டை மூட்டையா வந்திருக்கு."

"கருவாட்டுக்கு வரி இருக்கெல்லோ?"

"இருக்கு. ஆருக்கோ ஒருத்தருக்கு மட்டும் வரியில்லாமல் விட்டிருக்கினம். ஏழையளுக்கு மலிவாக் குடுக்கவாம்."

இராயப்பு நேரே என்னிடம் வந்தார். முன்பு வரியை எடுக்கச் சொல்லி எழுதிய அதே பேனையால், எல்லாருக்கும் உள்ள வரியை அந்த ஒருவருக்கும் போடச் சொல்லி எழுதினேன். கதவைத் திறந்தது நல்லதா, பூட்டியிருந்தது நல்லதா என்று எழுதும்போதே எனக்குக் குழம்பியது. பூட்டியிருந்தபோது கருவாட்டுக்கு விலை இருந்தது, எஞ்சின் இல்லை. இப்போது எஞ்சின் இருக்கிறது, கருவாட்டுக்கு விலை இல்லை. பெற்றிசம் கொழும்புக்குப் போவதென்றால் பழையபடி அமைப்பாளர் கையெழுத்து வேண்டும்.

மறுபடியும் கந்தசட்டி. இந்த முறை நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இராயப்பு வள்ளத்தை முதல்நாளே இழுத்துப்போட்டுவிட்டு, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வெறுங்கையோடு போனார்.

பின்னேரம் வந்து என் மேசைக்கு எதிரே குந்தினார். கையெழுத்துக் கிடைத்ததா என்று கேட்டேன்.

"அவர் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார் அண்ணை. 'அண்டைக்கு வரியை எடுக்கச் சொல்லி வந்தனீர், இண்டைக்கு வரியைப் போடச் சொல்லி வந்திருக்கிறீர், முதல்ல உமக்கு என்ன வேணுமெண்டு யோசிச்சுக்கொண்டு வாரும்' எண்டார். அது ஞாயந்தானே?"

"பிறகு?"

"விறாந்தை முழுக்க மூட்டை. கூரை முட்ட அடுக்கியிருக்கு. என்னை அங்கைதான் இருக்கச் சொன்னவர்."

"என்ன மூட்டை?"

"கருவாடு."

எனக்கு அப்போதுதான் அந்த ஒருவர் யார் என்று தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இராயப்புவுக்குக் கோபம் வரவில்லை. அவர் வேறு ஏதோ கணக்கில் நின்றார்.

"அவை வீட்டில இண்டைக்கும் விரதம் அண்ணை. அந்தம்மா தோய்ஞ்ச தலையோட அந்த மூட்டையளுக்கு நடுவால பூத்தட்டும் கொண்டு போறா. மஞ்சள் தண்ணி ஒண்டும் தெளிக்கேல்லை."

நான் பேனையை மூடி வைத்தேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் எழுவைதீவு ஆள் ஒருவர் வந்து வள்ளத்தைக் கொண்டு போனார். இராயப்பு இப்போது யாக்கோப்புவின் வள்ளத்தில் போகிறார். ஏச்சு வாங்குகிற நேரத்திலும் அவருக்கு ஒரே யோசனைதான். தபாற்கந்தோரடியால் போகும்போது நின்று என்னைக் கேட்பார்.

"வரியில்லாமல் வந்தால் கந்தசட்டிக்கு மீன் ஆகுமோ, அண்ணை?"

பகிடிக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்து நிற்பார்.